பட்டறைப் பக்கம்: 960-ஐ எந்தப் பெட்டியில் போடுவது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தையே கேட்டதால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். சுழலும் பாகத்துக்கு எஃப்.இ.ஏ. மென்பொருளில் (பாகத்தை மெஷ் என்கிற சிறு துண்டுகளாகப் பிரித்து, உள்ளே வரும் தகைப்பைக் கணிப்பது) சுமை கொடுப்பது எப்படி என்பதுதான் அது. கேட்டவர்களில் கம்பஸ் பிள்ளைகளும் உண்டு, பகலில் பெக்டரியில் வேலை பார்த்துவிட்டு இரவில் லெப்டொப்போடு உட்காருகிறவர்களும் உண்டு. கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், எண்களில் கை வைக்கவில்லை.

கேள்வி: அண்ணா, நான் பேராதனை பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், ஊர் பொகவந்தலாவை. அப்பா வேலை செய்கிற பெக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றடிக்கும் விசிறியைத்தான் புரொஜெக்ட்டுக்கு எடுத்தேன். இறக்கை ஒன்றின் திணிவு 1.2 கிலோ, அதன் புவியீர்ப்பு மையம் அச்சிலிருந்து 35 சென்ரிமீட்டர், வேர்ப்பகுதியின் குறுக்குவெட்டு 60க்கு 12 மில்லிமீட்டர், வேகம் 960 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 960 சுற்று. அன்சிஸ் என்ற எஃப்.இ.ஏ. மென்பொருளில் சுழற்சி வேகம் 960 என்று கொடுத்தால் வேரில் சராசரியாக 538 மெகாபாஸ்கல் தகைப்பு (பரப்பளவுக்கு விழும் விசை) வருகிறது. வார்ப்பு அலுமினியம் இதைத் தாங்காதே! ஆனால் அந்த விசிறி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிறதாம். மெஷ்ஷை இன்னும் சிறிதாக்க வேண்டுமா?

பதில்: மெஷ்ஷை விடுங்கள் தங்கச்சி, அது பாவம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு தாளை எடுங்கள். 960 ஆர்.பி.எம். என்றால் செக்கனுக்கு 16 சுற்று, அதை ரேடியனில் சொன்னால் 100.53. இதன் வர்க்கம் 10,106. திணிவு 1.2, ஆரை 0.35, மூன்றையும் பெருக்கினால் இறக்கையை வெளியே இழுக்கும் விசை சுமார் 4,245 நியூட்டன் வருகிறது. ஒரு கிலோ சொச்சம் உள்ள இறக்கையில் எட்டரைச் சிமெந்து மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. இதை வேரின் பரப்பளவான 720 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 5.9 மெகாபாஸ்கல்தான். உங்களுக்கு வந்ததோ 538. இரண்டுக்கும் உள்ள விகிதம் 91. இந்த 91-ஐ எங்கே கண்டாலும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 60-ஐ இரண்டு பையால் (2π) வகுத்து வர்க்கித்தால் வருவது அதுதான். ரேடியன் கேட்ட பெட்டியில் ஆர்.பி.எம். போட்டிருக்கிறீர்கள். அன்சிஸ் மெக்கானிக்கலில் அலகு மெனுவிலேயே ரேடியனா ஆர்.பி.எம்.-ஆ என்று தெரிவு செய்யலாம், அதைப் பார்க்காமல் எண்ணை அடித்தால் இப்படித்தான் ஆகும்.

இதில் இன்னொரு வில்லங்கம், ஒவ்வொரு மென்பொருளும் இதே வேகத்தை ஒவ்வொரு விதமாகக் கேட்கும். உங்கள் விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்சிஸில் ரேடியன் கணக்கென்றால் 100.53. நாஸ்ட்ரானில் ஆர்ஃபோர்ஸ் என்கிற வரியில் கொடுப்பதானால் அது செக்கனுக்கு எத்தனை சுற்று என்று கேட்கும், அப்போது 16. கல்குலிக்ஸில் சென்ட்ரிஃப் என்று எழுதும்போது அது கோணவேகத்தின் வர்க்கத்தை எதிர்பார்க்கும், அதாவது 10,106. ஆபாகஸின் உள்ளீட்டு பைலிலும் சென்ட்ரிஃப் என்றால் வர்க்கம்தான், ஆனால் அதே ஆபாகஸில் படம் பார்த்துக் கொடுக்கும் திரையில் வேகத்தைத்தான் கேட்பார்கள். விசிறி ஒன்றுதான், சுற்றுவதும் ஒரே வேகம்தான், எண் மட்டும் மூன்று விதம். யாரோ எழுதி வைத்த பைலைப் பிரதி எடுத்து வேறு மென்பொருளுக்குக் கொண்டு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்புறம் அடர்த்தி. சாதாரண விசை, அமுக்கம் கொடுக்கும்போது அடர்த்தி இல்லாமலும் கணக்கு ஓடும், அதனால் பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. சுழற்சிச் சுமை முழுக்கத் திணிவிலிருந்து வருவது. அடர்த்தி இல்லையென்றால் தகைப்பு பூச்சியமாக வரும், அல்லது மென்பொருள் திட்டும், இரண்டாவது நடந்தால் அதிர்ஷ்டம். மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கலில் மொடல் செய்தால் திணிவு டன்னில் இருந்தாக வேண்டும். அப்போது உருக்கின் அடர்த்தி 0.00000000785. கிலோவில் நினைத்துக்கொண்டு 0.00000785 என்று போட்டால் தகைப்பு ஆயிரம் மடங்கு கூடும். அலுமினியத்துக்கு 7.85 இருக்கும் இடத்தில் 2.7 என்று போடுங்கள், மற்ற இலக்கமெல்லாம் அப்படியே.

கடைசியாக ஒன்று, வேரில் இருக்கும் மறுதாக்க விசையை (பிடித்து வைத்த இடம் திருப்பி இழுக்கும் விசை) மென்பொருளிடம் கேட்டு வாங்குங்கள். இறக்கை ஒன்றை மட்டும் மொடல் செய்திருந்தால் அது 4,245-க்கு மிக அருகில் இருக்க வேண்டும். முழு விசிறியையும் செய்திருந்தால் எல்லா இறக்கையும் ஒன்றையொன்று சமன் செய்து, மொத்தம் கிட்டத்தட்டப் பூச்சியமாக வர வேண்டும். பூச்சியம் வராமல் ஒரு பக்கம் இழுத்தால் சுழலும் அச்சை நீங்கள் சொன்ன இடம் பிழை. 30 கிலோ விசிறிக்கு அச்சு 5 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே இந்த வேகத்தில் 1,516 நியூட்டன் மீதமாக நிற்கும். படம் வரைந்தபோது ஷாப்ட்டின் மையம் ஆதிப்புள்ளியில் இல்லாமல் போன மொடல்களில் இது அடிக்கடி நடக்கும். வேரின் வளைவில் 5.9-ஐ விடக் கூடின உச்சத் தகைப்பு வரத்தான் செய்யும், அதற்குத்தான் எஃப்.இ.ஏ. தேவைப்படுகிறது, காற்று தள்ளும் வளைவுத் தகைப்பையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுழற்சி வேகம் கொடுத்தேன், ஓடியது, ஆனால் அனிமேஷனில் சில்லு சுற்றவே இல்லை. கொஞ்சம் உப்பி உப்பி வருகிறது. என்ன பிழை? (பண்டாரவளை)

பதில்: பிழையே இல்லை. நிலையியல் பகுப்பாய்வில் மென்பொருள் சில்லைச் சுற்றாது. நீங்களும் சில்லோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே அதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது உங்களுக்குத் தெரிவது மையத்திலிருந்து வெளியே தள்ளும் மையநீக்க விசை மட்டும்தான். அந்த விசையை ஒவ்வொரு மூலகத்துக்கும் (மெஷ்ஷின் ஒரு துண்டு) பங்கிட்டுக் கொடுப்பதுதான் அந்தச் சுமை. உப்புவதும் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டப்படுவது, உருப்பெருக்க எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு பெக்டரியில் மெக்கானிக்காக இருக்கிறேன். டீ ரோலரின் மெயின் ஷாப்ட் கீவே (கீ உட்காரும் காடி) அருகில் வெடித்துவிட்டது. புதிது செய்வதற்கு முன் லெப்டொப்பில் பார்க்கலாம் என்று மகன் சொன்னான். மோட்டர் 15 கிலோவாட், ரோலர் நிமிடத்துக்கு 45 சுற்று, ஷாப்ட் 75 மில்லிமீட்டர், கிராங்கின் ஆரை 0.3 மீட்டர், கொழுந்தை அடைக்கும் உருளையான ஜெக்கட் கொழுந்தோடு ஏறத்தாழ 500 கிலோ. சுழற்சி வேகத்தைக் கொடுத்தோம், தகைப்பு ஒன்றுமே இல்லை என்று காட்டுகிறது. முறுக்கம் கொடுக்கப் போனால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெக்கட்டுக்கும் சுழற்சி வேகம்தானா?

பதில்: ஐயா, இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகிறேன்.

தகைப்பு ஒன்றுமே இல்லை என்று மென்பொருள் சொன்னது உண்மைதான். 45 சுற்று என்பது செக்கனுக்கு 4.71 ரேடியன், வர்க்கம் வெறும் 22. மேலே சொன்ன விசிறியோடு ஒப்பிட்டால் 455-இல் ஒரு பங்கு. ஷாப்ட்டும் மெல்லியது. கையால் போட்டுப் பார்த்தால் மையநீக்க விசையால் உங்கள் ஷாப்ட்டில் வருவது சுமார் 100 பாஸ்கல், மெகாபாஸ்கல் இல்லை, வெறும் பாஸ்கல். அதற்காக எந்த ஷாப்ட்டும் வெடிக்காது. வேகம் குறையக் குறைய மையநீக்க விசை காணாமல் போகும், முறுக்கமோ ஏறிக்கொண்டே போகும். வலுவை வேகத்தால் வகுத்ததுதான் முறுக்கம், அதனால் 9,550-ஐ கிலோவாட்டால் பெருக்கி ஆர்.பி.எம்.-ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் விடை வரும். உங்களுக்கு, கியரில் போகும் இழப்பைக் கழிக்காமல், 3,183. 75 மில்லிமீட்டர் ஷாப்ட்டின் மேற்பரப்பில் இது கொடுக்கும் வெட்டுத் தகைப்பு 38 மெகாபாஸ்கல். கீவேயின் மூலையில் இது பெருகும். அதோடு, மோட்டரை நேரடியாகத் தொடக்கும்போது முழுச்சுமை முறுக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேலும் போகக்கூடும், நிறைய கொழுந்தோடு நின்றுபோன ரோலரைத் திரும்பப் போடுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வெடிப்பு கீவேயில் என்கிறீர்கள், ஆகவே உங்கள் மொடலில் வேலை முறுக்கத்துக்குத்தான்.

மென்பொருள் ஏன் முறுக்கத்தை ஏற்கவில்லை? திண்ம மூலகத்தின் கணுவுக்கு (நோட், மூலகங்கள் ஒன்றோடொன்று சேரும் புள்ளி) மூன்று திசையில் நகரத் தெரியும், திரும்பத் தெரியாது. திரும்பத் தெரியாத கணுவில் முறுக்கத்தை எப்படி வைப்பது? வளை (பீம்) மூலகத்துக்கும் ஓட்டு (ஷெல்) மூலகத்துக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. திண்மத்தில் செய்ய வேண்டியது, அச்சின் மேல் தனியாக ஒரு ரெஃபரன்ஸ் புள்ளி வைத்து, அதை ஷாப்ட்டின் முகத்தோடு பிணைத்து, முறுக்கத்தை அந்தப் புள்ளியில் கொடுப்பது. பிணைப்பில் இரண்டு வகை. ஒன்று அந்த முகத்தையே இரும்புத் தட்டு மாதிரி விறைக்க வைத்துவிடும், நாஸ்ட்ரான்காரர் ஆர்.பி.இ.2 என்பார்கள். மற்றது சுமையை மட்டும் பங்கிட்டுக் கொடுத்து முகத்தைத் தன் போக்கில் வளைய விடும், அது ஆர்.பி.இ.3. ஷாப்ட்டின் தூர முனையில் எதை வைத்தாலும் சரி. ஆனால் பார்க்க விரும்பும் இடமே கீவே என்றால் இரண்டையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். கீ எந்தப் பக்கச் சுவரைத் தள்ளுகிறதோ அந்தச் சுவரில் அமுக்கமாகக் கொடுங்கள். முறுக்கத்தை ஷாப்ட்டின் ஆரையால் வகுத்தால் விசை வரும், விசையைச் சுவரின் பரப்பால் வகுத்தால் அமுக்கம். உண்மையில் முறுக்கம் போகும் பாதையும் அதுதானே. மூலையில் சிறு வளைவு வரைய மறக்க வேண்டாம், கூர் மூலையாக விட்டால் மெஷ்ஷைச் சிறிதாக்கும்தோறும் தகைப்பு ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணை நம்புவது என்று தெரியாது.

இனி ஜெக்கட். ரோலர் ஓடும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஜெக்கட்டின் ஒரு பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட விட்டால், அந்தக் கோடு கடைசி வரை ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று கிராங்கும் ஒன்றாகச் சுற்றுவதால் ஜெக்கட் மேசைக்கு மேல் வட்டமாக நகர்கிறது, தன்னைத் தானே சுற்றிக்கொள்வதில்லை. அதனால் அதற்குச் சுழற்சி வேகம் கொடுப்பது முழுப் பிழை. அப்படிக் கொடுத்தால் மென்பொருள் ஜெக்கட்டின் விளிம்பை எல்லாப் பக்கமும் வெளியே இழுக்கும், உண்மையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஜெக்கட்டின் எல்லாப் புள்ளிக்கும், அதற்குள் இருக்கும் கொழுந்துக்கும், ஒரே அளவு ஆர்முடுகல்தான் (வேகம் மாறும் வீதம்), அதுவும் ஒரு கணத்தில் ஒரே திசையில். அளவு கிராங்கின் ஆரை பெருக்கல் கோணவேக வர்க்கம், 0.3 பெருக்கல் 22.2, அதாவது 6.7. புவியீர்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அலட்சியப்படுத்த முடியாது. 500 கிலோவுக்கு 3,330 நியூட்டன் கிராங்குகளில் இறங்குகிறது. ஆகவே புவியீர்ப்பைக் கொடுக்கிற அதே ஆர்முடுகல் பெட்டியில் கிடையாக 6.7 கொடுங்கள். திசை மாறிக்கொண்டே இருப்பதால் கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று என இரண்டு தடவை ஓடவிட்டு, கோசைன் சைன் போட்டு இரண்டையும் சேர்த்தால் வட்டத்தின் எந்த இடத்துக்கும் விடை கிடைக்கும். மகனுக்கு விளங்கும்.

கேள்வி: புலி (பெல்ட் ஓடும் கப்பி) ஒன்றை நடுத்துளையில் முழுவதும் பிடித்து வைத்துச் சுழற்சிச் சுமை கொடுத்தேன். துளையின் விளிம்பில் தகைப்பு விசித்திரமாக வருகிறது. (பதுளை)

பதில்: முழுவதும் பிடித்ததுதான் காரணம். சுற்றும்போது துளையும் சற்று விரியும், அதை நீங்கள் விரிய விடவில்லை. உருளை ஆள்கூறுத் தொகுதி ஒன்றை உருவாக்கி, தொடலித் திசையையும் (சுற்றும் திசை) அச்சுத் திசையையும் மட்டும் பிடியுங்கள், ஆரைத் திசையை விட்டுவிடுங்கள். ஷாப்ட்டில் சூடாக்கி இறுக்கிப் பொருத்திய புலி என்றால் கதை வேறு, அங்கே ஷாப்ட்டையும் சேர்த்து மொடல் செய்து தொடுகை கொடுக்க வேண்டும். சரிபார்க்க ஒரு சூத்திரம்: திண்மமான தட்டையான வட்டுக்கு உச்சத் தகைப்பு மையத்தில், அடர்த்தி பெருக்கல் விளிம்பு வேக வர்க்கம் பெருக்கல் 0.4125 (உருக்குக்கு). நடுவில் ஊசித்துளை அளவு ஓட்டை போட்டாலும் போதும், அந்த ஓட்டையின் விளிம்பில் அது இரண்டு மடங்காகிவிடும்.

கேள்வி: சேர், ஹட்டனில் டெக்னிக்கல் கோர்ஸ் படிக்கிறேன். லீவர் ஒன்றை 90 பாகை திருப்ப இடப்பெயர்ச்சி நிபந்தனையில் 1.571 ரேடியன் கொடுத்தேன். திரும்பியது, ஆனால் லீவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீண்டுவிட்டது!

பதில்: நேர்கோட்டுக் கணக்கில் ஓடவிட்டிருக்கிறீர்கள் தம்பி. அந்தக் கணக்குக்கு வட்டப்பாதை தெரியாது, ஒவ்வொரு புள்ளியும் தொடங்கிய இடத்தில் உள்ள தொடலி வழியே நேராகப் போய்விடும். 1.571 ஆரை தூரம் நேரே போன புள்ளி மையத்திலிருந்து 1.86 ஆரை தூரத்தில் நிற்கும், உங்கள் லீவர் நீண்டது அதனால்தான். 5 பாகைக்கு இந்தப் பிழை 0.4 வீதம்கூட இல்லை, அதனால் சின்னத் திருப்பத்தில் யாருக்கும் தெரிவதில்லை. பெரிய இடப்பெயர்ச்சி என்கிற தெரிவைப் போட்டு, 90 பாகையையும் படிப்படியாகக் கொடுங்கள், நீளம் மாறாமல் திரும்பும்.

கேள்வி: கினிகத்தேனைப் பக்கம் ஒரு சிறு நீர்மின் நிலையத்தில் பெல்டன் சில்லு (விளிம்பில் உள்ள கிண்ணங்களில் நொஸில் பீச்சும் தண்ணீர் அடித்துச் சுற்றுவது), 1000 ஆர்.பி.எம்., ஒரு நொஸில். கிண்ணத்தின் அடியில் மயிரிழை வெடிப்பு. எந்தச் சுமையைப் போட்டுப் பார்ப்பது, சுழற்சியா தண்ணீரா?

பதில்: இரண்டும்தான், ஆனால் இரண்டின் உச்சத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், அப்படி ஒரு நேரமே கிடையாது. சில்லு நின்றுகொண்டிருக்கும்போது தண்ணீரின் தாக்கம் அதிகபட்சம், மையநீக்க விசை பூச்சியம். சரியான வேகத்தில், அதாவது கிண்ணம் தண்ணீரின் வேகத்தில் ஏறத்தாழ பாதியில் ஓடும்போது, தாக்கமும் பாதியாகிவிடும். லைன் அறுந்து சுமை போய், நொஸிலை மூட முன்னர் சில்லு தறிகெட்டு ஓடும்போது தண்ணீர் கிண்ணத்தைத் தள்ளுவது மிகக் குறைவு, ஆனால் வேகம் வழமையைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு, அப்போது மையநீக்கத் தகைப்பு 3.24 மடங்கு. ஆகவே மூன்று நிலையையும் தனித்தனியாக ஓட்டுங்கள். தறிகெட்ட வேகத்துத் தகைப்பை உலோகத்தின் இளகு தகைப்போடு (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைப்பு) ஒப்பிடுங்கள்.

உங்கள் வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நடு நிலைதான். நொஸில் ஒன்றென்றால் ஒவ்வொரு கிண்ணமும் சுற்றுக்கு ஒரு அடி வாங்கும், நாளொன்றுக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம் அடி. இதில் மையநீக்கத் தகைப்பு மாறாமல் இருக்கும் பகுதி, தண்ணீர் கொடுப்பது ஏறி இறங்கும் பகுதி. களைப்புக் கணக்குக்கு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் வெடிப்பதைக் கணிப்பது) இரண்டையும் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதனால் மொடலிலும் இரண்டு தனிச் சுமைப் படிகளாக வையுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தின் உட்பரப்பில் அமுக்கமாகக் கொடுங்கள். வெடிப்பு கண்ணுக்கே தெரிகிறது என்றால் முதலில் சில்லை நிறுத்திச் சாயம் ஊற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள், மொடல் அதற்குப் பிறகு.

கேள்வி: விசிறி இறக்கையின் இயற்கை அதிர்வெண்ணைக் கணிக்கச் சுழற்சி தேவையா? (நுவரெலியா)

பதில்: நீண்ட, மெல்லிய இறக்கை என்றால் தேவை. இழுபட்டு நிற்கும் இறக்கை விறைப்பாகும், அதிர்வெண் ஏறும். முதலில் சுழற்சிச் சுமையோடு நிலையியல் ஓட்டம், அதன் தகைப்பை எடுத்துக்கொண்டு பிறகு அதிர்வெண் ஓட்டம். கட்டையான இறக்கையில் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

கேள்வி: அன்சிஸ், ஆபாகஸ் எல்லாம் வாங்க வசதியில்லை. இலவசமாக எதில் பழகலாம்? (கம்பளை)

பதில்: கல்குலிக்ஸ் இலவசம். அதை வெறும் எழுத்து பைலாக எழுதப் பயமென்றால் பிரீபோமெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம், விண்டோஸில் ஓடும், உள்ளே வேலை செய்வது கல்குலிக்ஸ்தான், மையநீக்கச் சுமையும் மெனுவில் இருக்கிறது. பொகவந்தலாவைத் தங்கச்சியின் இறக்கையையே, 60க்கு 12 வேரோடு ஒரு நேரான அலுமினியச் சட்டமாக வரைந்து, 4,245 நியூட்டன் மறுதாக்கம் வருகிறதா என்று பாருங்கள். திணிவு 1.2 கிலோ வர நீளத்தைக் கூட்டிக் குறைத்து, அதன் நடுப்புள்ளி அச்சிலிருந்து 35 சென்ரிமீட்டரில் வரும்படி வைக்க வேண்டும். பழைய லெப்டொப்பே போதும்.